சாமியைக் கேள்வி கேட்பது குற்றமா?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா மகன், ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளை, ஐப்பசி மழையில் டெங்கு வந்து இறந்துவிட்டான். எட்டு வருடம் காத்திருந்து, பிள்ளையார்பட்டிக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை. காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறார்கள். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. சாமி காப்பாற்றிவிட்டார் என்று வீடே சொன்னது. ஐந்தாம் நாள் பிள்ளை இல்லை.

தம்பிக்கு மூன்று கேள்விகள். கடவுள் என்று ஒருவர் இருந்தால் இது எப்படி நடக்கும்? நம்பிக்கை விட்டுப்போன பிறகும், வரப்போகிற பிள்ளையார் நோன்பில் வீட்டாரோடு உட்கார்ந்து, எரிகிற நூல்திரியான இழையை வாயில் எடுத்துக்கொண்டால் அது பொய்யாகாதா? மூன்றாவது கேள்வியைக் கடைசி வரியில் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறார்: "காலேஜ் படிக்கும்போது சாமியைக் கிண்டல் பேசினாயே, அதுதான் இந்த வீட்டைப் பிடித்தது" என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டாராம். அக்காவும் அதை நம்புகிறாளோ என்று பயமாக இருக்கிறதாம்.

தம்பி, நான் முப்பத்தொரு வருடம் தமிழ் நடத்தியவள். அதில் பாதிக்கு மேல் சைவ சித்தாந்தமும் பக்தி இலக்கியமும்தான் என் பாடம். நானும் செட்டிநாட்டில் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வளவு வீட்டில் பிறந்து வளர்ந்தவள்தான். உங்கள் மூன்றாவது கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். மற்ற இரண்டும் காத்திருக்கலாம், இது ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

உங்கள் பேச்சால் எதுவும் நடக்கவில்லை. பிள்ளையைக் கொண்டுபோனது ஒரு வைரஸ். அதைக் கொண்டுவந்தது ஏடிஸ் கொசு. அது சாக்கடையில் வளர்வதில்லை, தேங்கிய நல்ல தண்ணீரில் வளர்கிறது. நம் ஊரில் வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிற வீடுகள் எத்தனை, அவற்றின் முற்றத்திலும் மாடியிலும் மழைத்தண்ணீர் எப்படித் தேங்கி நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். அப்புறம் அந்த நாலாம் நாள் விஷயம். டெங்குவில் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும். பார்க்கிறவர்களுக்குக் குணமானது போலத்தான் தெரியும். உண்மையில் சில பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிய ஆரம்பித்து, இரத்த அழுத்தம் சரிந்து, நிலைமை கைமீறும். டெங்கு எப்போதும் நடந்துகொள்கிற விதம் இது. சாமி ஒரு நாள் காப்பாற்றிவிட்டு மறுநாள் கைவிட்டார் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். காய்ச்சல் விட்டதே என்று நிம்மதியாக ஒரு மணி நேரம் கண்ணயர்ந்ததற்காக உங்கள் அக்கா தன்னை நொந்துகொண்டிருந்தால், இதை அவரிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் போதாது, பல தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

அந்தப் பெரியவர் சொன்னதற்கு வருகிறேன். கடன்பட்டவனை விட்டுவிட்டு, அவன் அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவனை நம் ஊரில் யாரும் மனிதன் என்றே சொல்லமாட்டார்கள். மனிதனுக்கே அடுக்காத காரியத்தைப் பிள்ளையாருக்கு ஏற்றிச் சொல்வதில் என்ன பக்தி இருக்கிறது? சாமியைக் கிண்டல் செய்த உங்களைவிட அவர்தான் சாமியைக் கேவலப்படுத்தியிருக்கிறார். என்னோடு வேலை பார்த்த ஒரு கிறிஸ்தவத் தோழி பைபிளில் வரும் யோபுவைப் பற்றி அடிக்கடி சொல்வார். பிள்ளைகளையும் சொத்தையும் பறிகொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்திருப்பான் யோபு. நண்பர்கள் வந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், இல்லாவிட்டால் இது வருமா என்று பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். யோபு கடவுளையே வழக்குக்குக் கூப்பிடுவான். கடைசியில் கடவுள் வந்து யார்மேல் கோபம் என்கிறார் தெரியுமா? அந்த நண்பர்கள்மேல். என்னைப் பற்றி யோபு பேசியதுபோல் நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். அந்தப் பெரியவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஆனால் அவர் சொன்னது வீட்டுக்குள் தங்கவும் விடாதீர்கள்.

கேள்வி கேட்பதே தெய்வக் குற்றம் என்று நம் வீடுகளில் எப்போது புகுந்ததோ எனக்குத் தெரியாது. நான் பாடம் நடத்திய நூல்களில் அப்படி இல்லை. சுந்தரரை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரைவிட்டுக் கிளம்பியதால் இரண்டு கண்ணும் போய்விட்டது. இடது கண் காஞ்சியில் கிடைத்தது. மற்றக் கண்ணுக்காகத் திருவாரூர்க் கோயிலில் நின்று பாடுகிறார். அது கெஞ்சல் இல்லை. நான் உமக்கு அடமானம் வைத்த பொருள் இல்லை, விரும்பி வந்து ஆளானவன், என்னை விற்கக்கூட உமக்கு உரிமை உண்டு, "ஒற்றி அல்லேன்" என்கிறார். என் கண்ணை எதற்குப் பிடுங்கினீர், பழி உமக்குத்தான் என்கிறார். கொடுக்க மாட்டீரென்றால், "வாழ்ந்து போதீரே". நீரே நல்லா இரும் ஐயா, என்று சாமி முகத்துக்கு நேரே சொல்கிறார். நம் வீட்டில் தாயாதிச் சண்டையில் மனசு வெந்துபோய்ச் சொல்கிற சொல் அது. ஒற்றி, விலை, ஆள் என்று கொடுக்கல் வாங்கல் பாஷையிலேயே சாமியிடம் வழக்குப் பேசுகிற அந்தப் பாட்டு தேவாரத்தில் இருக்கிறது. ஓதுவார்கள் இன்றும் அதைச் சந்நிதியில் பாடுகிறார்கள். யாரும் அதை எடுத்துவிடச் சொன்னதில்லை.

இன்னும் பழையது வேண்டுமானால் புறநானூறு 194-ஆம் பாட்டைப் பாருங்கள். பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாவுப் பறை கேட்கிறது, அடுத்த வீட்டில் கல்யாண முழவு கேட்கிறது. ஒருத்தி பூச்சூடி நிற்கிறாள், ஒருத்தி கண்ணில் நீர் வடிய நிற்கிறாள். இப்படி ஒரு உலகத்தைப் படைத்தானே, "அப் பண்பிலாளன்" என்று திட்டுகிறார். பண்பு இல்லாதவன்! படைத்தவனைத் திட்ட நம் மொழியில் இதைவிடக் கடுமையான சொல் கிடையாது என்பேன். வள்ளுவரும் ஒரு குறளில் (1062) இப்படித்தான் வெடிக்கிறார்: பிச்சையெடுத்துத்தான் சிலர் உயிர் வாழ வேண்டும் என்றால், இந்த உலகத்தைப் படைத்தவன் அலைந்து திரிந்து கெட்டுப்போகட்டும். இவர்கள் யாரும் தெருவில் போகிற நாத்திகர்கள் இல்லை. துக்கத்தை நேரில் பார்த்து, அதற்கு வேறு பெயர் வைக்க மறுத்தவர்கள்.

சித்தாந்தத்தில் 14 சாத்திர நூல்கள் உண்டு. அவற்றில் பெரியது அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார். 13-ஆம் நூற்றாண்டு நூல். அதன் முதல் பாதி பரபக்கம், அதாவது மற்றவர் கொள்கைகள். அதில் முதலாவதாக நிற்பவன் யார் தெரியுமா? உலகாயதன். கண்ணால் காண்பதே உண்மை, உடம்பு போனால் உயிரும் போயிற்று, கடவுள் என்று ஒன்றும் கிடையாது என்பவன். அவன் வாதத்தை அவன் வாயாலேயே முழுசாகப் பேசவிட்டுத்தான் மறுப்புக்குப் போகிறார்கள். சைவம் படிக்க வருகிற மாணவன் முதலில் நாத்திகத்தைப் படிக்க வேண்டும். மடத்தில் காவி கட்டி உட்கார்ந்து படித்தவர்கள் இப்படித்தான் படித்தார்கள்.

நம் வட்டாரத்தையே பாருங்களேன். குன்றக்குடி மலை ஏறாத குடும்பம் இந்தப் பக்கம் இருக்காது. அங்குள்ள சைவ மடத்தின் தலைவராக 1952 முதல் 1995 வரை இருந்த தவத்திரு குன்றக்குடி அடிகளாரும் பெரியாரும் மேடையில் எதிரெதிராக நின்றவர்கள். ஒருவர் கடவுளை வணங்கச் சொன்னார், மற்றவர் மறக்கச் சொன்னார். ஆனால் சாதிக் கொடுமை என்று வந்தபோது இரண்டு பேரும் ஒரே பக்கம் பேசினார்கள். ஒருவரை ஒருவர் மதித்தார்கள். குன்றக்குடியிலிருந்து ரொம்ப தூரம் இல்லாத சிராவயலில்தான், பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவா (ப. ஜீவானந்தம்) ஆசிரமம் நடத்தினார். 1927-ல் காந்தி அங்கே வந்து அவரைப் பார்த்தார். அதே ஜீவாதான் பின்னாளில், நான் ஏன் நாத்திகன் என்று பகத்சிங் எழுதியதைத் தமிழில் கொடுத்துச் சிறைக்கும் போனவர். சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் பல வருடம் கடவுள் மறுப்பு மேடையில் இருந்துவிட்டு, பிறகு இந்து மதத்தைப் பற்றியே எழுதிக் குவித்தார், இயேசுவைப் பற்றியும் காவியம் எழுதினார். ஒரே மண்ணில் இத்தனை வழியும் போயிருக்கிறது, தம்பி. நீங்கள் ஏதோ குலத்தில் முதல் ஆளாகத் தடம் புரண்டவர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் தவறு. நம் கோயில்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். அந்தக் கோபுரத்தை வெளியில் நின்று மட்டும் பார்க்க வேண்டும் என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்களும் இதே ஊர்களில்தான் இருந்தார்கள். மதுரை மீனாட்சி கோயில் கதவு அவர்களுக்கு 1939-ல் திறந்தது. சென்னை மாகாணம் முழுக்கச் சட்டம் வந்தது 1947-ல். சாமிக்கு நாம் ஒரே பிள்ளைகள் என்றால் நான் ஏன் வாசலில் என்று முதலில் கேட்டவர்களுடைய கேள்விதான் எல்லாக் கேள்வியிலும் நியாயமானது. அதை யாராவது தெய்வக் குற்றம் என்று வாயடைத்திருந்தால், அது கடைசிவரை யாருக்கு லாபமாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

சரி, முதல் கேள்வி. கடவுள் இருந்தால் இது எப்படி?

சித்தாந்தம் சொல்வதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கேள்வி பொதுவாக இப்படி வருகிறது: எல்லாம் வல்ல கடவுள் நம்மைப் படைத்தார், அப்படியானால் துன்பத்தையும் அவர்தானே படைத்தார்? சித்தாந்தி முதல் வரியையே ஒத்துக்கொள்ள மாட்டார். உயிரை யாரும் படைக்கவில்லை என்பார். பதி, பசு, பாசம் மூன்றும் தொடக்கம் இல்லாதவை. இறைவன் எப்போதும் இருக்கிறான், உயிர்களும் எப்போதும் இருக்கின்றன, உயிரை மறைக்கிற ஆணவமும் கூடவே இருக்கிறது. செம்பு என்றைக்கு உண்டோ அன்றைக்கே அதில் களிம்பு ஏறுகிற குணமும் உண்டு. யாரோ வெளியிலிருந்து வந்து பூசியதில்லை. இறைவனுடைய வேலை அந்தக் களிம்பைப் போக்குவது. அதற்காக உடம்பையும் உலகத்தையும் தருகிறான், வினையை அனுபவிக்க வைத்துத் தீர்க்கிறான். இதுதான் சுருக்கம். தர்க்கமாகப் பார்த்தால் பலமான கட்டடம். தீமையைக் கடவுள் கணக்கில் எழுத வேண்டியதில்லை. நான் வகுப்பில் இதை நடத்தும்போது பிள்ளைகள் முகத்தில் ஒரு தெளிவு வரும். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் என் நாற்பத்தாறாவது வயதில் என் வீட்டுக்காரர் ஒரு விபத்தில் போய்விட்டார். பதினாறாம் நாள் கழித்து, வழக்கமாக என்னை மதிக்கிற ஒரு நல்ல மனுஷி, "நீங்க படிக்காததா ஆச்சி, எல்லாம் முன்வினை" என்றார். நான் இருபது வருடம் கரும்பலகையில் எழுதிய அதே சொல். அது என் மேல் வந்து விழுந்தபோதுதான் தெரிந்தது, அந்தச் சொல்லை ஒருவர் தன்னைப் பற்றி மட்டும்தான் சொல்லிக்கொள்ளலாம், அடுத்தவரைப் பார்த்துச் சொல்லக்கூடாது என்று. தனக்குச் சொல்லிக்கொண்டால் அது தாங்கிக்கொள்ள ஒரு வழி. அடுத்தவருக்குச் சொன்னால் குற்றப்பத்திரிகை. கோவிலூர் மடத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமிழில் வேதாந்தம் படிப்பிக்கிறார்கள், பெரிய படிப்பு அது. பிரம்மம் ஒன்றே மெய், மற்றது தோற்றம் என்பது அதன் முடிவு. அதையும் இறந்த பிள்ளையின் சட்டையை மடித்து வைக்கிற தாயிடம் சொல்ல முடியாது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு, இந்தப் பிள்ளை ஏன் என்பதற்கு, எந்தச் சமயத்திலும் பதில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. உலகம் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்குப் பதில்கள் இருக்கின்றன. இவன் ஏன் என்பதற்கு இல்லை. இருக்கிறது என்று சொல்கிறவர் உங்களிடம் உண்மை பேசவில்லை, அல்லது அவருக்கே பயமாக இருக்கிறது.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். உங்களுக்கு இப்போது உடைந்திருப்பது எந்தக் கடவுள்? நம் பக்கத்தில் கடவுளோடு நமக்குள்ள உறவு பெரும்பாலும் கணக்கு உறவுதான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வியாபாரம் செய்த சனம், தெரிந்த பாஷையில்தான் சாமியிடமும் பேசும். லாபத்தில் சாமிக்கு ஒரு பங்கை மகமையாக எடுத்து வைப்போம். பழனிக்குக் காவடி தூக்கிக்கொண்டு நத்தம், திண்டுக்கல் வழியாக நடக்கிற வழக்கமே, உப்பு வியாபாரத்தில் முருகனையும் ஒரு பங்காளியாக வைத்துக்கொண்ட ஒருவரிலிருந்து தொடங்கியது என்றுதான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். கடல் தாண்டிப் போன இடத்தில் எல்லாம் முதலில் ஒரு தண்டாயுதபாணியை வைத்தார்கள். சிங்கப்பூர் டாங்க் ரோடு கோயில் 1859-ல் வந்தது. இளையாற்றங்குடி தொடங்கி வேலங்குடி வரை 9 நகரக் கோயில்கள். கல்யாணம் என்றால் அந்தக் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும், அப்போதுதான் அது கல்யாணம். சாமி நம் வீட்டு விவகாரம் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிற பெரிய மனிதர் மாதிரி.

இந்தக் கணக்கு உறவு ஒரு முறை மொத்தமாக உடைந்தது. அது என் ஐயா, அதாவது தாத்தா, காலத்தில்.

1930-களின் கடைசியில் கீழ் பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. உலகப் பொருளாதாரம் சரிந்து நெல் விலை விழுந்ததில், கடன் வாங்கியவர்களால் கட்ட முடியாமல் வந்து சேர்ந்த நிலம் அது. அந்த நாட்டு விவசாயிகளுடைய கண்ணீரும் அதில் உண்டு, அதை நாம் மறைக்கக் கூடாது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தான். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். மற்றவர்கள் காட்டு வழியாக நடந்தார்கள். என் ஐயா நடந்து வந்தவர். கூட வந்த தம்பி வழியில் வாந்திபேதியில் போய்விட்டார். ஐயா அவரை எந்த இடத்தில் விட்டார் என்பதைக் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

ஐயா இறந்த பிறகு அவருடைய பேரேடுகள் எங்கள் வீட்டில் இரண்டாம் கட்டு அறையில் இருந்தன. நான் ஒரு கோடை விடுமுறை முழுக்க அவற்றைப் பிரித்துப் பார்த்தேன். பர்மாவுக்குப் போவதற்கு முந்தின பேரேடுகளில் ஒவ்வொரு வருடமும் முதல் பக்கம் ஒரே மாதிரி. மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே சிவமயம், அதற்குக் கீழே முதல் பற்று முருகன் மகமை. ஊர் திரும்பிய பிறகு அவர் எழுதிய முதல் பேரேட்டைத் திறந்தேன். மேலே ஒன்றும் இல்லை. சுழி இல்லை, சிவமயம் இல்லை. பக்கத்தின் நெற்றியில் இரண்டு விரல்கடை வெள்ளையாக விட்டு, நேராக அரிசி, எண்ணெய், கூலி என்று தொடங்குகிறது. மறந்து போயிருக்கும் என்று அடுத்த வருடத்தைப் பார்த்தேன். அதிலும் வெள்ளை. அடுத்ததிலும். எட்டு வருடம் அப்படி. இடம் மட்டும் ஒவ்வொரு வருடமும் அதே அளவுக்கு விட்டிருந்தார். ஒன்பதாம் வருடப் பேரேட்டில் சுழி மறுபடியும் வந்திருந்தது. சின்னதாக, கொஞ்சம் நடுங்கிய கையால் போட்டது. மகமைப் பற்று அதற்குப் பிறகு எந்த வருடத்திலும் வரவே இல்லை.

அப்பத்தாவிடம் அந்த எட்டு வருடமும் ஐயா கோயிலுக்குப் போனாரா என்று கேட்டேன். "போனாக. தூணுக்கிட்ட நிப்பாக. உள்ள வரமாட்டாக" என்று மட்டும் சொன்னார்.

அந்த வெள்ளை இடத்தைப் பற்றி நான் எவ்வளவோ யோசித்திருக்கிறேன். ஐயாவுக்கு நம்பிக்கை போயிருந்தால் அந்த இடத்தை விட்டிருக்கத் தேவையில்லை, அரிசிக் கணக்கை மேலேயே தொடங்கியிருக்கலாம். முழு நம்பிக்கை இருந்திருந்தால் சுழியைப் போட்டிருப்பார். அவர் சாமியிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார், ஆனால் உட்காருகிற இடத்தை எடுத்துவிடவில்லை. சுழி திரும்பி வந்தபோது பங்கு திரும்பி வரவில்லை. நான் கொடுக்கிறேன், நீ காப்பாற்று என்ற ஒப்பந்தத்தை அவர் திரும்பவும் எழுதிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவருக்கும் சாமிக்கும் நடுவில் என்ன இருந்ததோ, அது கணக்கில் வராத ஒன்று.

உங்கள் வீட்டில் உடைந்ததும் அந்த ஒப்பந்தம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நேர்ந்தோம், கொடுத்தார், முடிந்து வைத்தோம், எடுத்துக்கொண்டார். இந்தக் கணக்கில் கடவுளை வைத்தால் அவர் மோசக்காரர் என்றுதான் முடியும். அந்தக் கடவுளைச் சந்தேகப்படுவது நேர்மை. உடைந்ததை அவசரமாக ஒட்டப் பார்க்காதீர்கள். அதற்கு அப்பால் வேறு ஒன்று இருக்கிறதா, இல்லையா என்பது இப்போது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எனக்கு இருக்கிறது. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் பதினொரு வருடம் ஒரு விளக்குக்கூட மனதாக ஏற்றியதில்லை, இப்போது ஏற்றுகிறேன். ஆனால் எதையும் கேட்பதில்லை. உங்களுக்கு ஐம்பது வயதில் இல்லை என்றே முடியலாம். அப்படி முடிந்து, நல்ல மனிதராக, கண்ணியமாக வாழ்ந்து போனவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் என் சொந்த மாமா.

இரண்டாவது கேள்வி நோன்பைப் பற்றியது. வெளியூர்க்காரர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. கார்த்திகை தீபத்திலிருந்து 21-ஆம் நாள், சஷ்டியும் சதயமும் கூடுகிற வேளையில் நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு. கோடி வேட்டியிலிருந்து நாளுக்கு ஒரு நூலாக 21 நூல் எடுத்துச் சேர்த்துத் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த அரிசி மாவில் அதைச் செருகி ஏற்றுவார்கள். ஆவாரம்பூ, பொரி எல்லாம் இருக்கும். வீட்டில் மூத்தவர் எரிகிற இழையை எடுத்துக் கையில் தர, சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடலில் புயலில் மாட்டிக்கொண்ட வணிகர்கள் 21 நாள் பிள்ளையாரை வேண்டிக் கரை சேர்ந்த கதையைச் சொல்வார்கள்.

நம்பாமல் அதை எடுத்துக்கொண்டால் பொய்யா என்கிறீர்கள். நான் அந்தப் பதினொரு வருடமும் எடுத்துக்கொண்டேன். எனக்கு அதில் உறுத்தல் இருந்ததில்லை, காரணம் சொல்கிறேன். நம் சடங்குகளில் யாரும் உங்களை எழுப்பி, நான் இதை நம்புகிறேன் என்று சொல்லச் சொல்வதில்லை. உட்காரச் சொல்கிறார்கள், வாயைத் திறக்கச் சொல்கிறார்கள். மின்விளக்கை அணைத்த அறை. பெரியப்பச்சியின் விரலில் நெய் வழியும். சுடர் முகத்துக்கு வரும்போது மீசை கருகுமோ என்று ஆண்பிள்ளைகள் தலையைப் பின்னால் இழுப்பார்கள். வாயை மூடிய உடனே தீ அடங்கிவிடும், நாக்கில் வெல்லமும் சூடும் மட்டும் இருக்கும், கண்ணில் கொஞ்ச நேரம் இருட்டு. அடுத்தவர் முறை. அந்த இருட்டில் உட்கார்ந்து நான் எதையும் வேண்டவில்லை, எதையும் மறுக்கவும் இல்லை. என் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்களுக்குத் தோன்றினால் எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பத்தாவிடம் முதல் நாளே தனியாக உட்கார்ந்து, "இந்த வருஷம் எனக்கு முடியல அப்பத்தா" என்று சொல்லுங்கள். வாதம் பண்ண வேண்டாம். சபையில் வைத்து மறுப்பதும், உள்ளுக்குள் கசந்துகொண்டு சிரித்த முகத்தோடு வாயைத் திறப்பதும், இந்த இரண்டையும் மட்டும் செய்யாதீர்கள். நம் பாட்டிமார்கள் நாம் நினைப்பதைவிட அதிகம் பார்த்தவர்கள். பர்மாவிலிருந்து திரும்பியவர்களோடு குடும்பம் நடத்தியவர்கள் அந்தத் தலைமுறை.

ஆனால் தம்பி, நீங்கள் உங்களைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். அக்கா அன்றைக்கு என்ன செய்யப்போகிறார் என்று யாராவது அவரிடம் கேட்டீர்களா? வயிற்றில் பிள்ளை இருக்கிற வருடம் நம் வீட்டுப் பெண்கள் இரண்டு இழை எடுத்துக்கொள்வார்கள், தனக்கு ஒன்று, வயிற்றில் இருப்பதற்கு ஒன்று. உங்கள் அக்காவும் எடுத்திருப்பார். இந்த வருடம் மாவு பிசையும்போது அந்த ஞாபகம் அவருக்கு வரும். வரிசையில் உட்காரக் கூப்பிடுவார்களா, உட்கார வேண்டுமா, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று இப்போதே மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். நோன்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீங்கள் ஊருக்கு வந்து, அவரோடு முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள். வரவேண்டாம் என்று அவர் சொன்னால், நீங்களும் உள்ளே போக வேண்டாம், வெளியில் அவர் பக்கத்திலேயே இருங்கள். உட்காருகிறேன் என்று சொன்னால், அவருக்கு அடுத்த இடத்தில் நீங்கள் உட்காருங்கள்.